கொஞ்சம் எடத்தப் பாத்துக்கங்க

ராத்திரி ஒன்றே முக்கால் மணி. மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணிக்கு வருகிற ரோடு... எதிரே ஒரு வண்டி இல்லை. ஒன்பது மணிக்கே கரண்ட் போய்விட்டதால் வழியில் தறி ஓடுகிற சத்தம்கூட இல்லை. அந்த ரோட்டில் ஒரே ஒரு கார் வந்துகொண்டிருந்தது. இன்ஜின் சத்தம் இல்லாத கார். தண்ணீர் தேங்கின இடத்தில் டயர் ஏறி இறங்குகிற சத்தம் மட்டும்... சளப்... சளப்.

இருங்கள், சொல்கிறேன். சாம், நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொள், பனி இறங்குகிறது. அனுராதா மேடம், உங்கள் வண்டிக்குச் சார்ஜ் ஏற இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். எட்டி எட்டிப் பார்த்தால் வேகமாக ஏறிவிடாது. இந்த ஓட்டல் சார்ஜருக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது.

நான் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். பேய் பிசாசு என்று கதை கட்டுகிற ஆள் இல்லை. சர்ச்சில் பாஸ்டர் சொல்வதற்கே ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் ஆமென் சொல்வேன் என்று என் வீட்டுக்காரி திட்டுவாள். அதனால் நான் எதையும் கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை. நடந்தது எனக்கு இல்லை. என் சிநேகிதன் கஜபதிக்கு ஓர் அக்கா, பிரபாவதி. அந்த அக்காவின் வீட்டுக்காரர் பக்தவச்சலத்துக்கு நடந்தது. கஜபதி அவரை பாவா என்று கூப்பிடுவான். கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் பாவாதான்.

"யாரு சார், நம்ம வாட்ஸப் குரூப்ல இருக்காரே, அந்த பக்தவச்சலமா? பாஸ்ட் சார்ஜர் தொறக்க வேணாம், கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கனு மெசேஜ் போட்டாரே?"

ஆமாம் சாம், அவர்தான். நீ அதற்குச் சிரிக்கிற பொம்மை மூன்று போட்டாய். நானும்தான் ஒன்று போட்டேன். அப்போது எனக்கு விஷயம் தெரியாது.

நாம் எல்லோரும் அந்த ஸ்டேஷனுக்காக எவ்வளவு நாளாகக் காத்திருக்கிறோம்! கனகம்மாசத்திரம் போகிற வழியில் ஆறு சார்ஜர், இருபது நிமிஷத்தில் ஏறிவிடும் என்றார்கள். முதலில் ஆடிக் கிருத்திகைக்குத் திறக்கிறோம் என்றார்கள். அப்புறம் ஆயுத பூஜை. அப்புறம் தீபாவளி. இப்போது மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் செய்யமுடியாது என்று கார்த்திகைக் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள். நாளன்றைக்குக் காலையில் ரிப்பன் வெட்டுகிறார்கள். மின்சார வண்டி வாங்கின அத்தனை பேரும் அதற்காகக் காத்திருக்கும்போது ஒருத்தர் மட்டும் திறக்க வேண்டாம் என்றால் நமக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

சரி, கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம். சாம் இப்போது எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டு வந்தானே, போகிறபோது என்ன சொன்னான்? "சார், என் எடத்தப் பாத்துக்கங்க" என்றான். நானும் "ஆங்" என்றேன். நம் வரிசைக்கு டோக்கன் கிடையாது, ஆள் கிடையாது, வாய்ச்சொல்தான். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டால் அவன் வருகிற வரை நாம் நகரக்கூடாது. இன்னொன்று, அடுத்தவர் வண்டியில் சொருகியிருக்கிற கன்னை, அதுதான் சார்ஜர் ஒயர் முனையில் இருக்கிற பிடியை, தொடக்கூடாது. தொட்டாலும் வராது. வண்டிக்காரர் பூட்டைத் திறந்தால்தான் கன் கழன்று வரும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசி மாதம். பிரபாவதி அக்கா சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில், மூன்றாவது மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்கள். நுரையீரலில் நீர். ஒன்பது நாள். பாவா அந்த ஒன்பது நாளும் கீழே வராந்தாவில்தான் படுத்திருந்தார். ஒன்பதாம் நாள் மத்தியானம் டாக்டர், "பரவாயில்லை, தேறிவருகிறார்கள்" என்றார். மகன் ஆகாஷ், "நைனா, நீ வூட்டுக்குப் போயி குளிச்சிட்டு, ராத்திரி தூங்கிட்டு காலைல வா. நான் இருக்கேன்" என்று சொல்லி அனுப்பிவைத்தான்.

பாவா ஆர்.கே.பேட்டைக்கு வந்தார். காரை வீட்டு பிளக்கில் சொருகினார். குளித்தார், படுத்தார். ஒன்பது மணிக்கு மழை பிடித்துக்கொண்டு கரண்ட் போனது அவருக்குத் தெரியாது. ஒன்பது நாள் தூங்காத மனுஷன், அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டார்.

ஒன்றரை மணிக்குப் போன் வந்தது.

"நைனா... அம்மாக்கு மறுபடியும் முடியல. ஒரு நிமிஷம் உள்ள உட்டாங்க. உன்னயேதான் கேட்டுகினு இருக்காங்க. வந்துடு நைனா."

பாவா போய்க் காரில் உட்கார்ந்து பார்த்தால் இருபத்தொரு பெர்சென்ட். ராத்திரி முழுக்க ஏறியிருக்கவேண்டிய வண்டி.

கிளம்பிவிட்டார். வேறு என்ன செய்வார்? திருத்தணி வந்தபோது பன்னிரண்டு பெர்சென்ட். இதே ஓட்டல், இதே சார்ஜர். ஒரு பெங்களூர் வண்டி சொருகி நின்றது. பின்னால் இரண்டு வண்டி. டீ போடுகிறவரைக் கேட்டுப் பாருங்கள், பாவா வந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. இங்கே நின்றிருந்தால் விடிந்து மத்தியானம்தான் போயிருக்க முடியும்.

காரில் உட்கார்ந்து போனில் நம் சார்ஜர் ஆப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். அந்தப் புது ஸ்டேஷனுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி போட்டு 'விரைவில்' என்று இருக்குமே... நாம் தினமும் எடுத்துப் பார்ப்போமே... அந்தப் புள்ளி அன்றைக்குப் பச்சையாக இருந்ததாம்.

பச்சை.

யாரோ சோதனைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார். பதினைந்து கிலோமீட்டர். அங்கே இருபது நிமிஷம் நின்றால் போதும், நேராகச் சென்னை. கிளம்பினார்.

போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு ஐம்பது. ஏழு பெர்சென்ட். தகர ஷெட். ஆறு சார்ஜர் பெட்டி. ஐந்துக்குப் பிளாஸ்டிக் உறை சுற்றியிருந்தது. முதல் பெட்டியில் மட்டும் வெளிச்சம். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம்... ம்ம்ம்ம்... நடுநடுவே டக் என்று ஒரு சத்தம். அதில் ஒரு பழைய சாம்பல் நிறக் கார் சொருகி நின்றது. காருக்குப் பக்கத்தில் சிமென்ட் திண்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும். வேட்டி, வெள்ளைச் சட்டை. காலில் செருப்பு இல்லை. மொட்டைத் தலை.

நம் ஊரில் மொட்டைத் தலையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? மலையிலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். பாவாவும் பார்க்கவில்லை. அந்த மொட்டையில் சந்தனம் இல்லை என்பது அவருக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தோன்றியது. வேண்டுதல் மொட்டைக்குச் சந்தனம் பூசுவார்கள். எந்த மொட்டைக்குப் பூசமாட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

"ஆயிடுச்சாங்க?" என்று கேட்டிருக்கிறார் பாவா.

"ஆயிடும்ங்க. அஞ்சு நிமிஷம்தான். அடுத்து நீங்க."

பெட்டித் திரையில் தொண்ணூற்றேழு பெர்சென்ட் என்று இருந்தது. இன்னும் மூன்று. பாவா திண்டில் அந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். புதுப் பெயின்ட் வாசனை. அதற்கு அடியில் லேசாக ஃபினாயில் வாசனை. ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததால் தன் துணியிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தார். அப்புறம் யோசித்தார்... குளித்துத் துணி மாற்றிக்கொண்டுதானே வந்தோம்?

அந்தக் காரின் பின்சீட்டில் ஒரு தலையணை, ஒரு பிளாஸ்க், ஸ்கேன் எடுத்தால் கொடுக்கிற பெரிய கவர் ஒன்று. யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அந்த ஆளும் எங்கே போகிறீர்கள், யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை பாவா அடித்துச் சொல்கிறார். பெயரைக்கூடக் கேட்கவில்லையாம்.

மூன்று மணிக்கு மேலே அந்த ஆள் எழுந்தார்.

"கொஞ்சம் எடத்தப் பாத்துக்கிறீங்களா? டீ குடிச்சிட்டு வந்துர்றேன்."

"ஆங், போய்ட்டு வாங்க."

இரண்டு அடி போனவர் நின்றார். திரும்பவில்லை.

"நீங்க பாத்துக்கினா... நானும் பாத்துக்கிறேன்."

ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனார். வெறுங்கால் தார் ரோட்டில் பட்ட சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் கரும்புதான். டீக்கடை கிடையாது. வேண்டுமானால் நாளன்றைக்குத் திறப்பு விழாவுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று பத்துக்கு ஆகாஷ் போன் செய்தான். "எங்க நைனா இருக்க?"

"சார்ஜ் போட்றேன்டா. அஞ்சு நிமிஷம்தான். வந்துடுவேன்னு அம்மாகிட்ட சொல்லு."

அந்தப் பையனும் நாலு நாளாகக் கண்ணை மூடாதவன். கீழே ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய்விட்டான்.

இங்கே திரையில் தொண்ணூற்றேழு. பாவா பார்க்கிறார்... தொண்ணூற்றேழு. போன ஆள் வரவில்லை. கன்னைக் கழற்ற முடியாது. மூன்று இருபத்தைந்துக்குத் திருப்பதியிலிருந்து சென்னை போகிற பஸ் ஒன்று போனது. நாலு பத்துக்கு இன்னொன்று. அந்த இரண்டாவது பஸ் வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் நின்றுகொண்டு, "சென்னையா? சென்னை வரீங்களா?" என்று கேட்டிருக்கிறார். ஏறியிருக்கலாம். காரை அங்கேயே போட்டுவிட்டு ஏறியிருக்கலாம். பாவா எழுந்தாராம். எழுந்து... மறுபடியும் உட்கார்ந்துவிட்டாராம்.

இதை அப்புறம் கேட்டபோது கஜபதி தலையில் அடித்துக்கொண்டான். "பஸ்ஸு நின்னுச்சே பாவா! ஏறிருக்க வேண்டியதுதான?"

"எடத்தப் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டனே, கஜா. அந்தாளு வரலயே."

மேடம், நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். எனக்கும் கோபம்தான் வந்தது. பெண்டாட்டி சாகக் கிடக்கும்போது எவனோ ஒருத்தன் இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானா ஒருத்தன் என்று. ஆனால் யோசித்துப் பார்த்தால்... ஐந்து நிமிஷம், ஐந்து நிமிஷம் என்றுதானே நாம் ஒவ்வொருவரும் உட்கார்ந்திருக்கிறோம்? ஒரு மணி நேரம் ஆகும் என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவோம். ஐந்து நிமிஷம் என்றால் எப்படிப் போவது?

நாலே முக்காலுக்குப் போன். ஆகாஷ் அழுதுகொண்டே கத்தினான்.

"இன்னா நைனா நீ? மேல வந்து அம்மாகூட இருந்துட்டு என்ன ஏன் எழுப்பல? இப்ப எங்க போன? அம்மா போய்ட்டாங்க நைனா... போய்ட்டாங்க..."

பாவாவுக்குப் புரியவில்லை. "நான் இங்க கனகம்மாசத்திரத்தாண்ட இருக்கேன்டா" என்றார்.

"பொய் சொல்லாத நைனா! சிஸ்டர் சொன்னாங்க. மூணு இருபதுல இருந்து கையப் புடிச்சிகினு பக்கத்துலயே ஒக்காந்துகினு இருந்தாராம் அவங்க வூட்டுக்காரு. அம்மா உன்கிட்ட பேசிகினே இருந்தாங்களாம். இப்பதான் டீ குடிக்கப் போயிருப்பாருன்னு சொல்றாங்க."

பாவா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம். திரையைப் பார்த்தார். தொண்ணூற்றேழு.

அவர் அழவில்லை. கத்தவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

விடிகிற நேரத்துக்குக் கரும்பு வெட்டப் போகிற ஆட்கள் நாலைந்து பேர் அந்த வழியாக வந்தார்கள். திண்டில் ஒருத்தர் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து, "இன்னாங்க, இங்க ஒக்காந்துகினு இருக்கீங்க?" என்று கேட்டார்கள். பாவா, "எடம் பாத்துகினு இருக்கேன்" என்று கையைக் காட்டினார். அவர் கை காட்டின இடத்தில் கார் இல்லை. ஈரத் தரையில் ஒரே ஒரு வண்டியின் டயர் தடம்தான் இருந்தது, அது அவருடையது. முதல் பெட்டியின் கதவு திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மெஷினே இல்லை. வெறும் கூடு. மேல் மூலையில் ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது.

அந்த ஸ்டேஷனுக்குக் கரண்ட் எப்போது வந்தது என்று உனக்குத் தெரியும் சாம். போன வாரம். நீதான் குரூப்பில் வெடி பொம்மை போட்டுச் சொன்னாய். புரட்டாசியில் அங்கே ஒரு பல்பு எரியக்கூட வழி கிடையாது.

பாவா ஆறு மணி பஸ் பிடித்துச் சென்னை போனார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். முகம் தெளிவாக இருந்ததாம், வலியில் போன முகமாக இல்லையாம். வலது கை மட்டும் யாருடைய கையையோ பிடித்திருந்த மாதிரி பாதி மூடியிருந்ததாம்.

அந்த ராத்திரி வேலையில் இருந்த நர்ஸ் யார் என்று நினைக்கிறீர்கள்? ப்ளெஸ்ஸி. திருவாலங்காட்டுப் பெண். என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் படித்தவள். கூட்டல் கணக்கில்கூடப் பொய்யாக விடை எழுதத் தெரியாது, தெரியாவிட்டால் காலியாக விட்டுவிடுவாள். அவள் பாவாவைப் பார்த்ததும் குழம்பிப்போயிருக்கிறாள்.

"இவரு இல்லயே... அவங்க வூட்டுக்காரு மொட்ட போட்டிருந்தாரே" என்றாளாம்.

"அவ இன்னாம்மா பேசினா?" என்று மட்டும் பாவா கேட்டார்.

"ரொம்ப மெதுவா பேசினாங்க, எனக்குக் கேக்கல. அவருகிட்டதான் சொன்னாங்க. அவரு தலைய ஆட்டிகினே இருந்தாரு."

அவ்வளவுதான். எடுத்துவந்தார்கள், அடக்கம் செய்தார்கள், பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அத்தனைக்கும் பாவா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவார். படு என்றால் படுப்பார். பதினேழாம் நாள் ராத்திரி ஒன்றே முக்கால் மணிக்கு எழுந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்றிலிருந்து தினமும்.

எங்கே என்று கேட்கிறீர்களா? அங்கேதான். அந்தத் திண்டில் போய் உட்காருவார். இரண்டு ஐம்பதிலிருந்து விடிகிற வரை. எதிரே கரும்பையே பார்த்துக்கொண்டிருப்பார். கஜபதி இரண்டு தடவை கூடப் போய், கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான்.

"கேட்டு இன்னா பண்ணப் போற பாவா? அக்கா போய்டுச்சு. வா, வூட்டுக்குப் போலாம்."

"நான்னு நெனச்சிகினு அவருகிட்ட இன்னாவோ சொல்லிருக்கா, கஜா. ஒன்றர மணி நேரம் பேசிருக்கா. அது என்னுது. அந்தாளுகிட்ட இருக்கு. அத வாங்கிகினு வந்துடறேன். அப்புறம் நீ சொல்ற மாதிரி கேக்குறேன்."

கஜபதி அவரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினான். எனக்கு அதைச் சொன்னபோது அவன் அழுதுவிட்டான். நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

திறக்க வேண்டாம் என்று பாவா ஏன் மெசேஜ் போட்டார் என்று இப்போது புரிகிறதா? நாளன்றைக்கு லைட்டு போட்டுவிடுவார்கள். ராத்திரி பகல் என்று வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். எதிரே கரும்பை வெட்டிவிட்டு டீக்கடை போடப் போகிறார்களாம். அதற்கு அப்புறம் அந்த ஆள் எப்படி வருவார்? வந்தாலும் அத்தனை பேரில் எந்த இடத்துக்கு வருவார்? நாம் பச்சைப் புள்ளிக்காகக் காத்திருக்கிறோம். அந்தப் புள்ளி இன்னும் ஒரே ஒரு ராத்திரி சாம்பலாக இருக்கட்டும் என்று அவர் கேட்கிறார்.

சாம், போனை எடுக்கிறாய், எதற்கு? அந்தச் சிரிக்கிற பொம்மையை அழிக்கவா? அழி. நானும் அழித்துவிட்டேன்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டேன். ஏதோ ஒரு கஷ்டத்தில் மனுஷனுக்கு மனம் பேதலித்துவிட்டது, நர்ஸ் யாரையோ பார்த்துக் குழம்பிவிட்டாள் என்று விட்டிருப்பேன். போன வாரம் கஜபதி ஒரு கையெழுத்து வாங்க அந்த ஆஸ்பத்திரிக்குப் போனான்.

மூன்றாவது மாடியில், அந்தப் பிரிவுக்கு வெளியே ஒரு செக்யூரிட்டி உட்கார்ந்திருப்பார். உள்ளே போகிறவர்கள் ஒரு நோட்டில் பெயர், நோயாளிக்கு என்ன உறவு, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எல்லாம் எழுதவேண்டும். கஜபதி தன் பெயரையும், பிரபாவதியின் தம்பி என்றும் எழுதினதைப் பார்த்துவிட்டு அந்த செக்யூரிட்டி எரிந்து விழுந்தார்.

"அந்தம்மா வூட்டு ஆளா நீ? உங்காளு ஒருத்தரு உள்ள போனவரு வெளிய வந்ததுக்கு எழுதவே இல்ல. எழுதாதவங்க பேர தெனமும் நாங்க மறு பக்கத்துல மாத்தி எழுதிகினு வரணும். எத்தினி நாளு எழுதுறது? அவர வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போகச் சொல்லு."

கஜபதி நோட்டைத் திருப்பினான். அந்தத் தேதி வரை திருப்பினான். பக்தவச்சலம். உறவு, கணவர். உள்ளே வந்த நேரம் மூன்று இருபது. பாவாவின் கையெழுத்தேதான். கடைசிப் புள்ளியை அவர் சின்ன வட்டமாகப் போடுவார், அந்த வட்டம்கூட இருந்தது. மூன்று இருபதுக்குப் பாவா இருந்தது கனகம்மாசத்திரத்தில். அங்கிருந்து சென்னைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலே. அந்த ஆள் திண்டை விட்டு எழுந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

வெளியே போன நேரம்... காலி.

அடுத்த பக்கத்திலும் முதல் வரியில் அதே பெயர், வேறு கையெழுத்தில். அதற்கு அடுத்த பக்கத்திலும். ஐம்பத்திரண்டு பக்கம். கஜபதி ஒன்றிரண்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தான். நான் பார்த்தேன். எண்ணியும் பார்த்தேன் அவன் குறித்து வைத்திருந்ததை, கணக்கு வாத்தியார் புத்தி.

அப்போதுதான் எனக்கு அந்த ஆள் ரோட்டைத் தாண்டுவதற்கு முன்னால் சொன்னது உறைத்தது. நீங்க பாத்துக்கினா நானும் பாத்துக்கிறேன். இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன் அந்த இடத்துக்குரிய ஆள் வருகிற வரை நகரக்கூடாது இல்லையா? பாவா அந்தத் திண்டை விட்டு நகரவில்லை.

கஜபதி இதை இன்னும் பாவாவிடம் சொல்லவில்லை. சொல்லலாமா என்று என்னைக் கேட்டான். சொன்னால் அந்த நிமிஷமே சென்னைக்குக் கிளம்பிவிடுவார். போய்... அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டால்? முப்பது வருஷம் வாத்தியாராக இருந்து, தெரியாது என்று நான் சொன்னது அன்றைக்குத்தான்.

மனம் கேட்காமல் நேற்றுச் சாயந்திரம் ப்ளெஸ்ஸிக்குப் போன் போட்டேன். அந்த அம்மா இருந்த ஏழாம் நம்பர் கட்டிலில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். பின்னால் ஏதோ மெஷின் பீப்... பீப்... என்றது.

"உங்களுக்கு எப்டி சார் தெரியும்?" என்றாள்.

"எது?"

"அந்த பெட்ல அப்புறம் நாலு பேரு வந்துட்டாங்க சார். ஒருத்தருக்கு ஒருத்தரு தெரியாது. நாலு பேரும் நடுராத்திரில என்னக் கூப்ட்டு ஒண்ணயேதான் கேட்டாங்க... 'பக்கத்துல ஒருத்தரு என் கையப் புடிச்சிகினு ஒக்காந்துகினு இருக்காரேம்மா... அஞ்சு நிமிஷம்தான், அவரு வந்துடுவாரு, அஞ்சு நிமிஷம்தான், வந்துடுவாருன்னு சொல்லிகினே இருக்காரே... யாரும்மா வரப்போறது?'"